புதுசா தைக்கப் பழகுறவங்க முதல்ல என்ன வாங்கணும்? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தையல் பழகணும்னு ஆசைப்படுற நிறைய பேர் முதல்ல வாங்குறது அந்த ரெடிமேட் தையல் பெட்டியத்தான். திறந்தா கலர் கலரா நூலு, ஊசி, பட்டன்னு அழகா இருக்கும், ஆனா நான் பார்த்த பெட்டிகள்ல பாதிக்கு மேல நூலு லேசா இழுத்தாலே அறுந்துடும், கத்தரி துணிய வெட்டாம மெல்லும். அந்தக் காசுக்கு நல்ல கத்தரி ஒண்ணு, பாலியஸ்டர் நூல்ல கறுப்பும் வெள்ளையும், மெஷின் ஊசி ரெண்டு மூணு சைஸ், இது போதும்ங்க ஆரம்பத்துக்கு. இஞ்ச் டேப், சாக், குண்டூசி, தையல் பிரிக்கிற சீம் ரிப்பர் எல்லாம் சில்லறை செலவுதான்.

நான் முக்கியமா சொல்ல வந்தது ஊசியப் பத்தி. இங்க சிங்கப்பூர்ல, தேக்கா மாடியில பிளவுஸ் தைக்கிற ஒரு அக்காகிட்ட புடவைக்கு ஃபால்ஸ் குடுக்கப் போயிருந்தேன், அப்ப ஒரு பொண்ணு வந்து அக்கா என் மெஷின் ரிப்பேர் போல, சாட்டின் வெச்சா தையல் விட்டு விட்டு விழுது, துணி வேற சுருங்குது, புது மெஷின் எது நல்லாருக்கும்னு கேட்டுச்சு. அக்கா மெஷின் பேரக்கூட கேக்கல. "ஊசிய எப்ப மாத்துன?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. மெஷின் வாங்கினதுல இருந்து அதே ஊசிதான்னு சொல்லுச்சு. அக்கா தன்னோட ஊசி ஒண்ண எடுத்து முனைய நகத்து மேல இழுத்துக் காட்டி, இப்படி இழுக்கும்போது எங்கயாவது கீறுனா, தட்டுனா தூக்கிப் போட்டுடு, அந்த ஊசிதான் நூல விடுதுன்னாங்க. கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓட்டினா ஊசிய மாத்திடணும்னு தையல்காரங்க பொதுவா சொல்றதும் இதுக்குத்தான். ஒரு மெஷினோட விலை எங்க, ஒரு ஊசியோட விலை எங்க! அந்தப் பொண்ணு அன்னைக்கு ஊசி வாங்க மட்டும்தான் கிளம்புச்சு, எனக்கே அவ்ளோ சந்தோஷம்.

பாக்கெட்ல 80/12ன்னு ரெண்டு நம்பர் போட்டிருக்கும். முதல் நம்பர் ஊசியோட பருமன், 80ன்னா 0.8 மில்லிமீட்டர். சாட்டின், மெல்லிசு பட்டு, லைனிங்குக்கு 65 இல்லனா 70, சாதா காட்டனுக்கு 80, ஜீன்ஸுக்கு 100. டி-ஷர்ட் மாதிரி இழுபடுற துணிக்கு முனை உருண்டையா இருக்கிற பால் பாயின்ட் ஊசின்னே தனியா கேட்டு வாங்கணும், கூர் ஊசி அந்த இழைய அறுத்துடும், துவைக்கத் துவைக்க ஓட்டை பெருசாகும்.

வாங்குற இடம்னா எனக்குப் பிடிச்சது சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம்தான். அங்க ஒரு கடையில ஊசி கேட்டப்ப அங்கிள் உடனே "ஹவுஸ் மெஷின்? ஃபேக்டரி மெஷின்?"னு கேட்டாரு. வீட்டு மெஷின் ஊசிக்கு மேல்பகுதியில ஒரு பக்கம் தட்டையா இருக்கும், கடைகள்ல ஓட்டுற பவர் மெஷின் ஊசி முழு உருண்டை, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஆகாது. ஆரம்பிக்கிறவங்க கடைக்குள்ள போன உடனே வீட்டு மெஷின்னு சொல்லிடுங்க. அவசரத்துக்கு டோபி காட்ல ஸ்பாட்லைட்னு தையல் சாமான் விக்கிற கடை இருக்கு, ஏசியில நிதானமா பார்க்கலாம்.

நீங்க எல்லாம் எத வாங்கி ஆரம்பிச்சீங்க?

———

பதில்: நீங்க சொன்ன லிஸ்ட்டோட பாபினையும், அதான் அடி நூல் சுத்துற சின்ன உருளை, சேத்துக்கங்க. பார்க்க எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும், உயரம் கொஞ்சம் மாறினாலும் கேஸ்ல சரியா உக்காராது, அடி நூல் சிக்கும், அதனால மெஷினோட வந்த பாபின் ஒண்ண கையோட எடுத்துட்டுப் போய் காட்டி வாங்குங்க. அப்புறம் எங்க அம்மா மெஷின மதுரையில இருந்து கொண்டு வந்தோம், அங்கயும் சிங்கப்பூர்லயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாத்தினோம், அருமையா ஓடுது. அமெரிக்காவுல இருந்து கொண்டு வர்றவங்க கவனம், அது 120 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம வீட்டு சுவத்துல சொருகவே கூடாது.

———

பதில்: என்கிட்ட மெஷினே இல்ல சிஸ், பையனோட ஸ்கூல் பேன்ட் ஓரம் மடிச்சு ஹெம்மிங் பண்றது, ஹூக் வெக்கிறது எல்லாம் கையாலதான். கை ஊசி, நூலு, விரலுக்கு ஒரு உறை இருந்தா ஜோரா செய்யலாம், மெஷின் வாங்குற வரைக்கும் காத்துட்டு இருக்க வேணாம். நம்ம ஊரு ஈரக் காத்துல ஊசி, குண்டூசி சீக்கிரம் துரு பிடிக்குது, துருப்பிடிச்ச குண்டூசி வெள்ளைத் துணியில கறை விட்டா போறது ரொம்ப கஷ்டம். புது ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்ட தூக்கிப் போடாம ஊசி டப்பாவுக்குள்ள போட்டு வைங்க, ஆனா சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல. காட்டன் துணிய ஒரு தடவ நனைச்சுக் காய வெச்சு இஸ்திரி போட்டுட்டு அப்புறம் வெட்டுங்க, சுருங்குறது அப்பவே சுருங்கிடும்.