‘வெப்ப வெட்டு’ வேண்டாம், ‘வெப்பவிலகி’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் வீட்டுக் கருவிகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ‘தெர்மல் கட்அவுட்’ (மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அதைத் தானாக நிறுத்தும் சிறு உறுப்பு) மட்டும் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் ‘வெப்ப வெட்டு’, ‘வெப்பத் துண்டிப்பான்’, ‘தானியங்கி வெப்பப் பாதுகாப்பு அமைப்பு’. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. போன வாரம் உதகையில், ஃபிங்கர்போஸ்ட் பக்கம் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போய்வந்த பிறகு இதில் உறுதியாகவே இருக்கிறேன்.

அத்தையின் தூசி உறிஞ்சி (வேக்குவம் கிளீனர்) பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பார்க்க வந்தவர் மோட்டார் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை கையேட்டைத் தேடி எடுத்துத் தமிழ்ப் பக்கத்தைப் படித்தார். கருவி சூடானால் ‘வெப்ப வெட்டு’ ஏற்படும் என்று அதில் இருந்தது. மின்வெட்டைப் போல ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டு, வீட்டு மின்சாரமே போய்விடுமோ என்று பயந்து ஒரு மாதமாக அதைத் தொடவே இல்லை. அவர் மேல் என்ன தவறு? மின்வெட்டு என்றால் மின்சாரம் கிடைக்காமல் போவது. அந்த வழியில் வெப்ப வெட்டு என்றால் வெப்பம் கிடைக்காமல் போவது என்றுதான் ஆகும். மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பின் பெயர் இது என்று யாருக்கும் தோன்றாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு நானே திறந்து பார்த்தேன். காகிதப் பை பாதிகூட நிறையவில்லை. ஆனால் அதன் உட்புறம் முழுக்க வெள்ளைச் சாம்பல் பூசியதுபோல் அப்பியிருந்தது. கணப்படுப்பில் சீகை விறகு எரித்த சாம்பலை அத்தை இந்தக் கருவியால்தான் அள்ளிவந்திருக்கிறார். அது மாவைவிட நைசானது. காகிதத்தின் கண்களை அடைத்துவிடும். (சாம்பலுக்குள் ஒரு கங்கு உயிரோடு இருந்தால் பையே தீப்பிடிக்கும். இதை அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுத் தூசி உறிஞ்சியைச் சாம்பலுக்குப் பயன்படுத்தவே கூடாது.) மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழுவி, சாரல் நாளில் காயாமல் ஈரத்தோடே மாட்டியிருந்தார். குழாயின் வளைவில் ஒரு சில்வர் ஓக் இலை காம்போடு குறுக்கே சிக்கியிருந்தது.

இவை ஒவ்வொன்றும் காற்றின் வழியை அடைப்பவை. இவ்வகைக் கருவியில் உறிஞ்சப்படும் காற்றேதான் மோட்டாரின் மேல் பாய்ந்து அதைக் குளிர்விக்கிறது. வழி அடைபட்டால் விசிறிக்குத் தள்ளக் காற்றில்லாமல் சுமை குறைகிறது; மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றிக் கீச்சென்று ஒலிக்கிறது. அத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டு நன்றாக இழுக்கிறது என்று நினைத்திருந்தார். உண்மையில் அப்போதுதான் அது வெந்துகொண்டிருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மெலிந்த காற்று குறைந்த வெப்பத்தையே எடுத்துச் செல்லும். சமவெளியில் தாங்கும் அடைப்பு இங்கே சீக்கிரமே கருவியை நிறுத்திவிடும் என்பது என் கணிப்பு.

இனி அந்த உறுப்புக்கு வருகிறேன். வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு பட்டை அது. சூடேறினால் வளைந்து மின்தொடுமுனையை விட்டு விலகுகிறது, மோட்டார் நிற்கிறது. ஆறியதும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இதே வேலைக்குச் சில கருவிகளில் வேறொன்றை வைக்கிறார்கள்: குறித்த வெப்பத்தில் உள்ளே உருகி, ஒரேயடியாக முடிந்துபோவது. அதை மாற்றித்தான் ஆகவேண்டும். முன்னது நின்றால் காத்திருக்க வேண்டும், பின்னது போனால் செலவு செய்ய வேண்டும். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியவேண்டும் என்பதே என் கோரிக்கை.

‘துண்டிப்பான்’ இங்கேதான் தவறுகிறது. மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். யாராவது வந்து மீண்டும் கொடுத்தால்தான் உண்டு. தானாகத் திரும்பும் சாயல் அந்தச் சொல்லில் இல்லை. நீளமான மூன்றாவது பரிந்துரை விளக்கம் என்ற அளவில் சரி. ஆனால் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள உறுப்புக்குக் கடைக்காரரிடம் போய் அதைச் சொல்லிக் கேட்க முடியாது.

ஃபியூஸுக்கு ‘உருகி’ என்ற சொல் நம்மிடம் நிலைபெற்றுவிட்டது. உருகு என்னும் தன்வினையிலிருந்து வந்தது. தானே உருகுவது உருகி. அதே வாய்பாட்டில் தானே விலகுவது விலகி. ஆகவே ஒருமுறையோடு முடிவது வெப்பவுருகி, விலகித் திரும்புவது வெப்பவிலகி. உருகியது மீளாது, விலகியது திரும்பி வரலாம் என்பது தமிழ் அறிந்த யாருக்கும் விளக்காமலே தெரியும்.

எதிர்ப்புகள் வரும் என்று அறிவேன். ‘விலகி’ வினையெச்சமும் ஆகுமே என்பீர்கள். ‘உருகி’யும் அப்படித்தான், யாரும் குழம்பவில்லை. இன்னொன்று இதைவிட வலுவானது. ஒரு க் கூடிப்போனால் ‘வெப்பவிலக்கி’ ஆகிவிடும். அது வெப்பத்தை அகற்றுவது என்று நேர்மாறான பொருள் தரும். அச்சில் இந்தப் பிழை எளிதாக நேரும். இதற்காக முன்சொல்லை மாற்றி ‘சூட்டுவிலகி’ என்று வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். க் நுழையும் ஆபத்து அதிலும் அப்படியே இருக்கிறது. ‘வெப்பவுருகி’யோடு சேரும் இணையும் கெடுகிறது. எனவே வெப்பவிலகியையே முன்வைக்கிறேன்.

பட்டியலில் முதன்மை உதாரணமாகத் தூசி உறிஞ்சி இருக்கட்டும். ‘வெற்றிடத் துப்புரவி’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: அதற்குள் வெற்றிடம் உண்டாவதில்லை, காற்றழுத்தம் குறைகிறது, அவ்வளவே. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த புதுமையும் தூசியை ஊதாமல் உறிஞ்சியதுதான்.

அத்தையின் கருவிக்குப் புதிய பை போட்டு, நன்கு காய்ந்த வடிகட்டியை மாட்டி, குழாயைத் துப்புரவு செய்த பிறகு இரண்டு அறைகளை நிற்காமல் முடித்தது. அதன் முதுகில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: “திடீரென நின்றால் வெப்பவிலகி விலகியிருக்கிறது. பிளக்கைக் கழற்றவும். பை, வடிகட்டி, குழாய் மூன்றையும் பார்க்கவும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு போடவும்.” அத்தை அதைப் படித்துவிட்டு, “அப்படியானால் இது திரும்பி வருமா?” என்று கேட்டார்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாக அந்த க் பற்றி இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.