சிறிய தொண்டு நிறுவனத்துக்கு மூன்றாண்டு வியூகத் திட்டம் தேவையா?

நடுவாசல்:
முழுநேர ஊழியர்கள் 11 பேர், நான்கு ப்ராஜெக்ட்டுகள், பெரிய அளவில் நிதி தருகிறவர்கள் இரண்டு பேர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு வியூகத் திட்டம் வேண்டும் என்று அறங்காவலர் குழு கேட்கிறது. நிதி தருகிறவர்களின் நிபந்தனைதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, களவேலைக்கு நடுவே இதற்கு உட்காருவதில் பலன் உண்டா? செய்வதென்றால் எங்கே தொடங்குவது, எவ்வளவு காலம் ஆகும், எங்கே சொதப்பும்?

கணக்கேடு:
நிதி தருகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பதே இதைச் செய்வதற்கு முதல் காரணம். எதைச் செய்ய மாட்டோம் என்று எழுதி வைக்காத நிறுவனம், கண்ணில் படும் ஒவ்வொரு நிதி அறிவிப்புக்கும் ப்ரொபோசல் எழுதும். நான்கைந்து ஆண்டில் தொடங்கிய வேலை ஒன்று, நடக்கிற வேலை வேறொன்று என்றாகிவிடும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ப்ராஜெக்ட்டையும் திட்டம் என்கிறோம், இதையும் திட்டம் என்கிறோம். அதனால் நடக்கிற ப்ராஜெக்ட்டுகளை அடுக்கி, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். அது வெறும் வேலைப் பட்டியல். எது தொடரும், எது நிற்கும், எது புதிதாக வரும், ஏன் என்று முடிவெடுப்பதுதான் வியூகம்.

தொலைநோக்கு வாசகத்தில் தொடங்காதீர்கள். ஒரு சொல்லுக்காக அரை நாள் போய்விடும். கணக்கில் தொடங்குங்கள். இரண்டு வாரம் எல்லோரும் எந்த ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்து வரட்டும். அறிக்கை அனுப்புகிற மாதத்தில் இதைச் செய்தால் விகிதம் கோணலாகிவிடும், சாதாரண வாரங்களாகப் பாருங்கள். அந்த விகிதத்தில் வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், இயக்குநரின் நேரம் எல்லாவற்றையும் பிரித்துச் சேருங்கள். அப்போது தெரியும்: ஒரு ப்ராஜெக்ட்டுக்கு வரும் நிதி 100 என்றால், நேரடிச் செலவு 92, பொதுச் செலவில் அதன் பங்கு 18. குறைகிற 10, நிபந்தனையில்லாமல் வரும் சிறு நன்கொடைகளிலிருந்து யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். இந்த ப்ராஜெக்ட்டை இரண்டு மடங்காக்கினால் பள்ளமும் பெரிதாகும்.

பற்றாக்குறை என்பதற்காக மூடிவிட வேண்டியதில்லை. பயன் பெரிது என்றால் எந்தப் பணத்தில் ஈடுகட்டுவோம் என்று எழுதித் தொடருங்கள். பயனும் குறைவு, பணமும் குறைவு என்றால் நிறுத்தும் தேதி, பயனாளிகளை யாரிடம் ஒப்படைப்பது, ஊழியர்களுக்கு என்ன வழி, மூன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும். பேசவே கடினமானது இன்னொன்று: பயன் குறைவு, ஆனால் உபரி தருகிற ப்ராஜெக்ட். அதை யாரும் தொட மாட்டார்கள்.

திண்ணை:
மேலே சொன்ன கணக்கை முதலில் முடியுங்கள், அதற்கே நான்கு வாரம் பிடிக்கும். மொத்தமாக 12 முதல் 14 வாரம் வையுங்கள். களவேலையை நிறுத்த வேண்டாம். இரண்டு அறங்காவலர், இயக்குநர், கணக்காளர், களப்பணியாளர் இருவர் கொண்ட குழு வாரத்துக்கு அரை நாள் உட்கார்ந்தால் போதும். களப்பணியாளர்கள் அச்சடித்த பிறகுதான் பார்க்கிறார்கள் என்றால் அந்தத் திட்டம் அலமாரிக்குத்தான் போகும். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் தனியாக எழுதிக் கொடுப்பதும் அப்படியே.

கணக்குக்குப் பின் மூன்று வாரம் பயனாளிகளிடம் பேசுங்கள். 15 பேரில் 5 பேராவது பாதியில் விலகியவர்களாக இருக்கட்டும். உங்கள் சேவை எங்கே பொருந்தவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கேள்வி கேட்பவர் அந்தச் சேவையைத் தருகிற ஊழியராக இருக்கக் கூடாது, உதவி செய்கிறவர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முன்னுரிமைகள் மூன்று, மிஞ்சினால் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், முதலாண்டு பட்ஜெட். புதிய வேலை சேர்ந்தால் யாருடைய எந்த மணி நேரம் அதற்குப் போகிறது என்று எழுதுங்கள். எதையும் விடாமல் புதிதைச் சேர்த்தால் 11 பேரில் இரண்டு பேர் வேலையை விடுவார்கள், அனுபவமும் அவர்களோடு போய்விடும்.

அளவுகோலில் எல்லோரும் தவறுவது இங்கே: "400 பேருக்குப் பயிற்சி" என்பது நீங்கள் செய்த வேலை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் மாற்றம். அவர்களைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும், அந்தச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

கலங்கரை:
மூன்று ஆண்டையும் ஒரே நுணுக்கத்தில் எழுதாதீர்கள். முதலாண்டு மாதவாரியாக, இரண்டாமாண்டு காலாண்டுவாரியாக, மூன்றாமாண்டுக்குத் திசை மட்டும். கூடவே எதை நம்பி எழுதுகிறீர்கள் என்பதையும் குறியுங்கள். இருப்பு நிதி மூன்று மாதச் செலவுக்குக் கீழே போனால் என்ன செய்வோம்? ஒரே இடத்திலிருந்து வருவது மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால்? இரண்டு பேரையே நம்பியிருக்கும் உங்களுக்கு இது மிக அவசியம்.

காலாண்டுக்கு ஒருமுறை 90 நிமிடம், ஒரு பக்க அறிக்கை. நடந்தது, நடக்காதது, மாற்ற வேண்டியது. இந்தக் கூட்டத்தின் தேதிகளைத் திட்டத்தை ஏற்கும் நாளிலேயே குறித்துவிடுங்கள்.

நோக்கம் நிறைவேறிவிட்டால் என்ன என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் 1938-இல் போலியோவை ஒழிப்பதற்காகத் தொடங்கிய மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தொண்டு நிறுவனம், 1955-இல் சால்க் தடுப்பூசி வெற்றி பெற்றதும் இந்தக் கேள்விக்கு முன் நின்றது. நாடு முழுவதும் தன்னார்வலர்கள், நிதி திரட்டும் அமைப்பு எல்லாம் கையில் இருந்தன. 1958-இல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பினார்கள். சத்தமில்லாமல் நழுவிப் போவது வேறு, அறிவித்துத் திரும்புவது வேறு.

நடுவாசல்:
மூவருக்கும் மிக்க நன்றி. திட்டத்துக்கு வெளியே பெரிய தொகை ஒன்று வந்தால்?

கணக்கேடு:
தொகை வருவதற்கு முன்பே நான்கு கேள்விகளை அறங்காவலர் தீர்மானமாக்கி வையுங்கள். நம் முன்னுரிமைக்குள் வருகிறதா, முழுச் செலவும் கிடைக்கிறதா, நிதி நின்றபின் வேலை என்னாகும், இதற்காக எதை விடுகிறோம். இரண்டுக்குச் சரியான பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதி, திட்டத்தின் முதல் பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். பொதுச் செலவுப் பங்கு மட்டும்தான் இடிக்கிறது என்றால் மறுக்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். நேரக்குறிப்பும் கணக்கும் கையில் இருப்பதால் 18 ஏன் 18 என்று உங்களால் காட்ட முடியும்.