'அண்டர்சாயில் ஹீட்டிங்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

எழில்:
குழுவினருக்கு வணக்கம். மைதானப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ரக்பி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

2012 பிப்ரவரி 11, பாரிஸ். பிரான்சும் அயர்லாந்தும் இரவு 9 மணிக்கு ஆட வேண்டும். கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று. தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, தரை உறைந்துவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மார்ச் 4 அன்று மறுபடி ஆடி 17–17 என்று சமனில் முடிந்தது. ஆட்டம் நடக்கவிருந்த ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் அப்போது புல்லுக்கு அடியில் சூடேற்றும் அமைப்பு இல்லை. எடின்பரோவின் மர்ரேஃபீல்டு ரக்பி அரங்கில் 1959லேயே 39 மைல் நீள மின்கம்பியை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். அந்த அமைப்புக்கு ஒரு சொல் வேண்டும். 'மண்ணடி வெப்பமூட்டல்' என்று எழுதிவைத்திருக்கிறேன், வாயில் ஓடவில்லை.

குன்றன்:
எழில் அம்மா, நம்மிடம் 'கணப்பு' இருக்கிறதே! குளிர்காய மூட்டும் நெருப்பு. 'நிலக்கணப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பழையது வேண்டுமானால் 'தடவு'. நெடுநல்வாடையில் வாடைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு பகுவாய்த் தடவில் நெருப்பு வளர்க்கிறார்களே, அதே தடவுதான். கனல், கனலி, கணப்பு எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து.

மாறன்:
ஐயா, ஒரே வேர் என்பதை ஏற்க முடியவில்லை. கனல் றன்னகரம், கணப்பு டண்ணகரம். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தொட்டு 'உடம்பு கணகணன்னு இருக்கு' என்கிறோமே, கணப்பு அந்தப் பக்கத்துச் சொல். 'தடவு' வேண்டவே வேண்டாம். 'தடவு பொருத்திய மைதானம்' என்று படிப்பவர் கையால் தடவுவதாகத்தான் நினைப்பார்.

குன்றன்:
ணகர னகர மயக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தனி மடலில் பத்து அனுப்புகிறேன். படிப்பவருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால், அடுத்த தலைமுறைக்குச் சொல்லே இருக்காது.

கண்டியிலிருந்து சுடர்:
எழில் தங்கச்சி, முதலில் 'றக்பி' என்று எழுதுங்கோ, நாங்கள் அப்படித்தான் எழுதிப் பழகினோம். எங்களுக்குத் தரை உறைவது தெரியாது. தண்ணி நிக்கிற மைதானம் நல்லாத் தெரியும். ஈரத் தரையில் உருளை ஓட்டினால் மண் இறுகி, பிறகு தண்ணி வடியவே வடியாது. நீண்ட கம்பிகளால் துளையிட்டு மணல் நிரப்ப வேணும். அதையும் விளக்கி எழுதுங்கோ. தண்ணி நிக்கிற தரைக்கு 'ஓதம் ஏறிய தரை' என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன்.

மாறன்:
ஓதம் அருமை. இன்னொரு சிக்கல்: 'பனியால் ஆட்டம் ரத்து' என்று எழுதினால் இங்கே மூடுபனி என்றுதான் புரிந்துகொள்வார்கள். பூப்போல விழும் பனி அவ்வளவு எதிரியல்ல. மண்ணுக்குப் போர்வையாகக்கூட இருக்கும், கோடுகளை மட்டும் கூட்டித் தள்ளிவிடலாம். மண்ணைக் கல்லாக்குவது வேறு. ஊட்டிக்காரர்கள் அதை 'உறைபனி' என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம். ஆனால் அதை வைத்து, உறைந்த மைதானத்தை 'உறைகளம்' என்று ஆக்க வேண்டாம். இறைவன் உறையும் இடம் போல ஒலிக்கிறது.

எழில்:
உறைபனி, ஓதம் இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஒரு காட்சியைச் சொல்கிறேன், அதை வைத்துச் சொல்லைத் தேடுங்கள். சனவரியில் அங்கே வெயில் சாய்ந்தே விழும். தெற்குப் பார்வையாளர் மாடத்தின் நிழல் படும் பட்டை மட்டும் நண்பகலிலும் இளகாது. நடுவர் அங்கேதான் போய் நிற்பார். காலணியின் அடியில் உள்ள குமிழைக் குதிகாலோடு அழுத்துவார். குமிழ் இறங்கினால் ஆட்டம். இறங்காவிட்டால், அந்தத் தரையில் ஸ்க்ரமுக்கு எட்டு எட்டுப் பேர் முட்டித் தள்ளும்போது கால் பிடிக்காது. டாக்கிளில், அதாவது எதிரணி பிடித்துச் சாய்க்கும்போது, விழுபவன் தலை கல்லில் மோதின மாதிரி இருக்கும். மைதானத்தில் முக்கால் பங்கு நன்றாக இருந்தும் பயனில்லை. இதற்காகத்தான் அந்தச் சூடு.

பொன்னி:
நான் விவசாயக் குடும்பம். முன்பெல்லாம் ரக்பி மைதானத்தில் வைக்கோல் பரப்பிக் காப்பாற்றினார்கள், இப்போது துணியும் பிளாஸ்டிக் விரிப்பும். இதற்கு நம் வயலில் 'மூடாக்கு' என்று சொல் இருக்கிறது. 2013இல் மர்ரேஃபீல்டின் புல்வேரை நூற்புழு தின்று, பூண்டுச் சாறு தெளித்தார்கள். 'நூற்புழு'வையும் யாரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. கணப்பு என்றால் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வது. இங்கே யாரும் குளிர்காயவில்லை, மண்தான் காய்கிறது. 'அடிச்சூடு' என்று சொல்லுங்கள். அடுப்பில் அடிச்சூடு, மைதானத்தில் அடிச்சூடு.

குன்றன்:
'மூடாக்கு' சரி. 'அடிச்சூடு' பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லுக்குப் போதாது. வினையும் பெயரும் அதிலிருந்து கிளைக்க வேண்டாமா?

மாறன்:
அடிச்சூட்டுக் குழாய், அடிச்சூடு போட்ட மைதானம். கிளைக்கிறதே ஐயா. பல அரங்குகளில் கம்பிக்குப் பதில் குழாயில் வெந்நீர் ஓடுகிறது, இதற்கும் பொருந்துகிறது.

எழில்:
நன்றி. என்னையும் சேர்த்து மூன்று பேர் அடிச்சூடு பக்கம், ஒருவர் நிலக்கணப்பு. கையேட்டில் 'அடிச்சூடு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'மண்ணுக்கடியிலிருந்து சூடேற்றும் அமைப்பு' என்று விரித்து எழுதுகிறேன். பக்கங்களைக் காலையில் அனுப்புகிறேன்.

குன்றன்:
அனுப்புங்கள். சொல்லடைவிலாவது 'நிலக்கணப்பு' ஒரு வரி இருக்கட்டும் அம்மா. ணகர னகரப் பட்டியலை மாறனுக்கு அனுப்பிவிட்டேன்.