புதுப்பிப்பு: சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் டாம்கேட்டுக்கு ஹீப் அளவு, ஜேஎம்எக்ஸ் போர்ட் கொடுப்பது (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. டாம்கேட் என்பது ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர்; சிஸ்டம்டி என்பது லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல். பிரச்சினை இதுதான்: லினக்ஸில் பாஷ்ஆர்சி கோப்பில் (பயனர் ஷெல்லைத் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) எழுதிவைத்த ஹீப் அளவு (ஜாவா தன் தரவுக்கு எடுத்துக்கொள்ளும் நினைவக அளவு), டாம்கேட்டைக் கையால் தொடங்கினால் ஏறியது, சிஸ்டம்டி தொடங்கினால் ஏறவே இல்லை.

கைகொடுத்தது, டாம்கேட்டின் 'பின்' கோப்புறைக்குள் 'செட்என்வி' என்ற ஷெல் கோப்பை வைக்கச் சொன்ன யோசனை. இந்தக் கோப்பு டாம்கேட்டோடு வராது, நாம்தான் உருவாக்க வேண்டும். இருந்தால், டாம்கேட்டைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்யும் கேட்டலினா ஸ்கிரிப்ட் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். இயக்கும் அனுமதிகூட வேண்டாம். டாம்கேட் ஓடும் பயனரால் படிக்க முடிந்தால் போதும். சிஸ்டம்டி பாஷ்ஆர்சி பக்கமே போகாது என்று ஒருவர் சொன்னதும் சரிதான். கேட்டலினா ஸ்கிரிப்டையே திருத்தும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு மாறும்போது திருத்தமெல்லாம் போய்விடும்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. ஹீப் அளவையும் ஜேஎம்எக்ஸ் போர்ட்டையும் (ஓடும் ஜாவாவை வெளியிலிருந்து கண்காணிக்க உதவும் போர்ட்) செட்என்வியில் 'ஜாவா_ஆப்ட்ஸ்' மாறியில் போட்டதும் சர்வர் நன்றாகத் தொடங்கியது, ஆனால் நிறுத்த முடியவில்லை. போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை. நிறுத்தும் கட்டளைக்கும் டாம்கேட் தனியாக ஒரு ஜாவாவை ஓட்டுகிறது. 'ஜாவா_ஆப்ட்ஸ்' அதற்கும் போவதால், அதுவும் அதே ஜேஎம்எக்ஸ் போர்ட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. எல்லாவற்றையும் 'கேட்டலினா_ஆப்ட்ஸ்' மாறிக்கு மாற்றினேன், தீர்ந்தது. நிறுத்தும்போது அது சேராது.

டாம்கேட்டின் கோப்புறைகள் எங்கே என்று சொல்லும் 'கேட்டலினா_ஹோம்', 'கேட்டலினா_பேஸ்' மாறிகள் இரண்டையும் மட்டும் செட்என்வியில் வைக்க முடியாது. அவற்றைக் கொண்டுதான் அந்தக் கோப்பையே ஸ்கிரிப்ட் தேடுகிறது. அவை சிஸ்டம்டியின் யூனிட் கோப்பிலேயே (சேவையை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் கோப்பு) இருக்கட்டும்.