ராத்திரியில் தொடை வலி, எம்.ஆர்.ஐ.யில் நீர்கோர்வை: ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவா?

கேள்வி:
பையனுக்கு 14 வயது. வலது தொடை நடுவில் ஏழு மாதமாக வலி. பகலில் பரவாயில்லை, நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறது. ஐபுப்ரோஃபென் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அடங்குகிறது. காய்ச்சல் இல்லை, தொற்று, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சரியாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு ஒரு பக்கம் தடித்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "மஜ்ஜையில் நீர்கோர்வை, தொற்றோ கட்டியோ இருக்கலாம்" என்கிறார்கள். திறந்து பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் வேறென்ன பார்க்கலாம்?

பதில் 1, ரேடியாலஜி:
நீங்கள் சொல்வது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா போல இருக்கிறது; அது எலும்பில் வரும் புற்றல்லாத சின்னக் கட்டி. முதலில் சி.டி. எடுங்கள். தொடை முழுக்க வேண்டாம், எக்ஸ்ரேயில் தடித்த இடம் மட்டும் போதும். ஸ்லைஸ் (ஒவ்வொரு வெட்டுப் படத்தின் தடிமன்) 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ. ஸ்லைஸில் இந்தக் கட்டி கண்ணில் படாமலே போகலாம்.

தேட வேண்டியது நைடஸ், அதாவது இந்தக் கட்டியின் மையப் பகுதி. வெள்ளையாகத் தடித்த எலும்புக்குள் மிளகு அளவில் ஒரு கறுப்பு வட்டம். சில சமயம் அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள் அடங்கும். 2 செ.மீ. தாண்டினால் இதே வகையில் பெரிதாக வளரும் ஆஸ்டியோபிளாஸ்டோமா என்ற கட்டியை யோசிக்க வேண்டும்.

வலியும் வீக்கமும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நைடஸ் அதிகமாகச் சுரக்கிறது. சுற்றியுள்ள மஜ்ஜை நீர் கோர்ப்பது அதனால்தான்; அந்தச் சுரப்பைக் குறைக்கும் ஐபுப்ரோஃபெனுக்கு வலி அடங்குவதும் அதனால்தான். எம்.ஆர்.ஐ. இந்த வீக்கத்தைப் பெரிதாகக் காட்டி, காரணத்தை மறைத்துவிடும்.

எலும்புக்குள் நாள்பட்ட தொற்றால் வரும் ப்ரோடி சீழ்க்கட்டியும் இப்படியே ஏமாற்றும், ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கலாம். அதில் குழியின் உள்விளிம்பு கரடுமுரடாக இருக்கும். நைடஸின் விளிம்பு வழவழப்பானது.

பதில் 2, எலும்பு சிகிச்சை:
சி.டி.யில் நைடஸ் தெளிவாகத் தெரிந்தால் திறந்து பயாப்ஸி தேவைப்படாது. ரேடியோ அலையால் சுடும் ஆர்.எஃப்.ஏ.தான் இப்போது முதல் தேர்வு. சி.டி. பார்த்துக்கொண்டே எலும்பைத் துளைத்து, ஊசி முனையை நைடஸின் மையத்தில் நிறுத்தி, 90 டிகிரி செல்சியஸில் 4 முதல் 6 நிமிடம் சுடுவார்கள். திசு வேண்டுமென்றால் சுடுவதற்கு முன் அதே துளை வழியாக எடுக்கலாம்.

முனையைச் சுற்றி ஏறக்குறைய 5 மி.மீ. வரைதான் வேகும். பெரிய நைடஸ் என்றால் இரண்டு இடத்தில் சுட வேண்டும். ஓரம் தப்பினால் வலி திரும்பும்.

கவனமாக இருக்க வேண்டியது ஊசியை உள்ளே செலுத்தும் உலோகக் குழாயில். ஊசியின் சுடும் முனை குழாயைத் தொட்டால் சூடு குழாய் வழியே ஏறித் தோல்வரை பொசுக்கும். சுடுமுன் குழாயைப் பின்னுக்கு இழுத்தே ஆக வேண்டும். பெரிய நரம்பு 1 செ.மீ.க்குள் இருந்தால் தனிப் பாதுகாப்பு இல்லாமல் சுடக்கூடாது. முதுகெலும்பில் இது பெரிய பிரச்சினை, தொடை நடுவில் பொதுவாக இல்லை.

கேள்வி கேட்டவர்:
மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுமா? மாத்திரையிலேயே ஓட்டலாமா?

பதில் 2, எலும்பு சிகிச்சை:
போதாது. நைடஸைத் தொட்டதும் வலி உச்சிக்கு ஏறும், பையன் அசைந்தால் குறி தப்பும். முழு மயக்கமோ முதுகில் போடும் மயக்க ஊசியோ வேண்டும்.

மாத்திரையில் ஓட்டலாம். இது புற்றாக மாறாது, தானாகவே அடங்கவும் கூடும். ஆனால் வருடக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். 14 வயதில் தூக்கம் கெட்டுப் படிப்பும் கெடுவதைப் பார்க்கும்போது, சுடுவதே நியாயம் என்பேன்.

சுட்ட பிறகு பெரும்பாலும் மறுநாளே நடக்கலாம். ஓட்டமும் குதிப்பதும் மட்டும் சுமார் மூன்று மாதம் வேண்டாம், துளைத்த இடத்தில் எலும்பு முறியலாம். ராத்திரி வலி சில நாளில் போய்விட வேண்டும். போகாவிட்டாலோ, போய்த் திரும்பினாலோ, மறுபடி அதே மெல்லிய ஸ்லைஸ் சி.டி. எடுத்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் இரண்டாம் முறையும் சுடலாம்.