குரோஷியாவா, மாண்டிநீக்ரோவா? படி ஏற முடியாத அப்பாவோடு 8 இரவுகள்

நெக்கர்க்கரை:
வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் 8 இரவுகள் அவர்களைக் கடலோரம் கூட்டிக்கொண்டு போக ஆசை. துப்ரோவ்னிக்குக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கே கார் வாடகைக்கு எடுப்போம். அதற்குமேல்தான் குழப்பம். குரோஷியாவிலேயே இருந்துவிடுவதா, எல்லை தாண்டி மாண்டிநீக்ரோவுக்குப் போவதா?

அப்பாவுக்கு 71 வயது. சமதளத்தில் ஒரு மணி நேரம்கூட நடப்பார். இருபது படிக்கு மேல் ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அம்மா சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. மகளுக்கு ஆறு வயது, தண்ணீரைக் கண்டால் போதும். மலையும் கடலும் ஒட்டி நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்பா கேட்ட ஒரே விஷயம். ஸ்ப்ளிட் நகரில் 2 இரவு, துப்ரோவ்னிக்கில் 3, மாண்டிநீக்ரோவின் கொட்டோரில் 3 என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

எல்லைக்கல்:
அறை எதையும் பதிவு செய்வதற்கு முன்னால் பெற்றோரின் விசா ஒட்டியை எடுத்துப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் "மல்ட்" (பலமுறை) என்று இருக்கிறதா, "01" (ஒரே முறை) என்று இருக்கிறதா? குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஜெர்மனியைப் போலவே, ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. மாண்டிநீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை. யூரோ புழங்குவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களை மாண்டிநீக்ரோ 30 நாள் வரை அனுமதிக்கும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் திரும்பி வரும்போதுதான். "01" என்றால் மாண்டிநீக்ரோவுக்குள் போன கையோடு ஷெங்கன் விசா தீர்ந்தது. அவர்களால் உங்கள் வீட்டுக்கே திரும்ப முடியாது. ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருப்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனாலேயே இது கண்ணில் படாமல் போய்விடும்.

உப்புக்காற்று:
சகோதரி, துப்ரோவ்னிக்கில் 3 இரவு என்பதைப் பார்த்ததும் எழுதுகிறேன். நான் என் அம்மாவோடு போனேன். "கோட்டை வாசலுக்கு ஐந்து நிமிட நடை" என்று போட்டிருந்த வீட்டை நம்பி எடுத்தேன். ஐந்து நிமிடம் உண்மைதான், ஆனால் அத்தனையும் படி. நான் எண்ணியது 164. மூன்றாவது திருப்பத்தில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது. பழைய நகரைச் சுற்றியிருக்கும் மதில்மேல் நடக்க நாங்கள் டிக்கெட்கூட எடுக்கவில்லை.

பழைய நகரின் நடுவே ஓடும் ஸ்ட்ராடூன் தெரு சமதளம், பெரியவர்கள் சுகமாக நடக்கலாம். கல் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிரிகிற வடபக்கத்துச் சந்துகள் எல்லாம் படிகள்தான். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீள மதில் நடையும் ஏற்ற இறக்கமே. அப்பாவுக்கு வேண்டாம்.

தீவுப்பிரியன்:
நான் குரோஷியா பக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள நாட்டை ஒரு நகரத்தின் படிகளை வைத்து ஒதுக்க வேண்டாம். பெலியெஷாட்ஸ் பாலம் 2022 ஜூலையில் திறந்த பிறகு, வழியில் குறுக்கிடும் போஸ்னியாவின் நேயும் பகுதிக்குள் நுழையாமலே துப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்ப்ளிட் போய்விடலாம். ஸ்ப்ளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தனக்குக் கட்டிய அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். துணி காயப்போட்ட கயிறு 1,700 ஆண்டுப் பழைய சுவரில் தொங்கும். எல்லைக் காத்திருப்பு இல்லை, உங்கள் ஜெர்மன் சிம் அப்படியே வேலை செய்யும். மாண்டிநீக்ரோவில் ஒன்றியத்தின் ரோமிங் சலுகை செல்லாது. டேட்டாவை அணைக்காமல் போனால் பில் எகிறிவிடும்.

ஆனால் ஸ்ப்ளிட், துப்ரோவ்னிக், கொட்டோர் மூன்றும் 8 இரவில் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஸ்ப்ளிட்டுக்குப் போக மட்டும் அரை நாள், வர இன்னொரு அரை நாள். பெட்டி கட்டுவதிலேயே பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள்.

நெக்கர்க்கரை:
எல்லைக்கல் அவர்களுக்கு மிக்க நன்றி. உடனே பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருவருக்கும் "மல்ட்" என்றே இருக்கிறது. ஸ்ப்ளிட்டை விட்டுவிடுகிறேன். மலையும் கடலும் ஒட்டி நிற்பது என்றால் எந்தப் பக்கம் மேல்?

ஆவணிமழை:
அப்பா கேட்டது அதுதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கொட்டோர் வளைகுடா. சுண்ணாம்புக்கல் மலை நேராகத் தண்ணீரிலிருந்து எழுந்து ஆயிரம் மீட்டர் தாண்டிப் போகிறது. அதைப் பார்க்க எங்கும் ஏற வேண்டியதில்லை, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். கொட்டோர் கோட்டைக்கு 1,350 படி; அதை மறந்துவிட்டு மதிலுக்குள் இருக்கும் சமதளச் சந்துகளில் சுற்றுங்கள்.

தங்குவதற்கு மதிலுக்குள் வேண்டாம், ஒட்டியிருக்கும் டோப்ரோட்டாவில் பாருங்கள். கரையோரமாகவே சமதளப் பாதை நீண்டு போகிறது. ஆங்காங்கே கடலுக்குள் நீட்டிய சின்னச் சின்னக் கல்மேடைகள். உங்கள் மகள் அங்கிருந்தே இறங்கிக் குளிக்கலாம். மணல் கிடையாது, கடல் முள்ளெலிகள் இருக்கும். ரப்பர் செருப்பு கட்டாயம். வீட்டுக்காரரிடம் "தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "கொஞ்சம்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அதே வளைகுடாக்கரையில் இருக்கும் பெராஸ்ட் ஊரிலிருந்து படகில் பாறை மாதா தீவுக்கு அப்பாவை அவசியம் கூட்டிப்போங்கள். அது இயற்கைத் தீவு இல்லை. பழைய படகுகளை மூழ்கடித்தும் கற்களைக் கொட்டியும் மனிதர்கள் எழுப்பிய திட்டு. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று படகு வரிசையில் போய்க் கல் போடுகிறார்கள். லோவ்ச்சென் மலைக்குக் காரில் போகலாம், ஆனால் உச்சியில் இருக்கும் நினைவிடத்துக்கு 461 படி. அடிவாரத்து நியெகுஷி ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லையைப் பற்றி: கோடைக்காலத்தில் டெபெலி பிரியெக் சாவடியில் மணிக்கணக்கில் நிற்க நேரும், செப்டம்பர் கடைசியில் அவ்வளவு இராது. ஆனாலும் துப்ரோவ்னிக்கைக் கொட்டோரிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். கடைசி 2 இரவைக் குரோஷியாவில் சாவ்தாத் என்ற சிற்றூரில் வையுங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே, கடற்கரை நடைபாதை சமதளம். அங்கிருந்து படகு ஏறினால் துப்ரோவ்னிக்கின் பழைய துறைமுகத்துக்குள்ளேயே இறக்கிவிடும். பார்க்கிங் தேட வேண்டாம், மேட்டிலிருந்து இறங்கி வரவும் வேண்டாம்.

கார் நிறுவனத்திடம் எல்லை தாண்டப்போவதை முன்பே சொல்லி, கிரீன் கார்டு என்ற வெளிநாட்டு வாகனக் காப்பீட்டுச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு "ப்ளித்வா" கேளுங்கள்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில், நம் வீட்டுப் பொரியலுக்கு மிக அருகில். கறுப்பாக வரும் ரிசோட்டோ என்ற சோறு கறுப்பரிசி அல்ல, கணவாய் மீனின் மையில் வேகவைத்தது. சமையலறை உள்ள வீடாக எடுத்துக் குக்கரையும் கொண்டுபோங்கள்.

உப்புக்காற்று:
இதையே நானும் சொல்வேன். ஒரு நாளை மழைக்கென்று விட்டுவையுங்கள். அந்த வளைகுடாவின் மேலே உள்ள கிர்க்விட்சே ஐரோப்பாவிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. இலையுதிர்காலத்தில் திடீரென்று கொட்டும்.

நெக்கர்க்கரை:
போய்வந்துவிட்டோம். டோப்ரோட்டாவில் 6 இரவு, சாவ்தாத்தில் 2. நான்கு வீட்டுக்காரர்களிடம் படி எண்ணிக்கை கேட்டேன். ஒருவர்தான் வாசலுக்குப் போய் எண்ணிவிட்டு "மூன்று" என்று எழுதினார். அவர் வீட்டையே எடுத்தோம்.

அப்பா விடியற்காலையில் தனியாகவே கல்மேடைக்குப் போய்விடுவார். முதல் நாள் தேடிக்கொண்டு போனால், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேட்டியை முழங்கால் வரை சுருட்டிக் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்மலையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. "இது கீழே இறங்கி வருகிறது பார்" என்றார். அந்த வெயில் தண்ணீரைத் தொடும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்து வருபவர்களுக்கு: போகும்போது எல்லையில் 25 நிமிடம், திரும்பும்போது 70 நிமிடம். மழை ஒரு நாள் முழுக்கப் பெய்தது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து பால் பொருளையும் இறைச்சியையும் ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. நியெகுஷியில் வாங்கிய பாலாடைக்கட்டி அரை கிலோ மிச்சம் இருந்தது. சாவடிக்கு முன்னால் காரை ஓரங்கட்டி, ரொட்டியோடு சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றோம்.