எகெஸ்கோவ் கோட்டை: ஒரே நாளில் தோட்டம், விமானங்கள், அரண்மனை?

டென்மார்க்கில் இருக்கும் இந்தக் கோட்டைக்கு ஓடென்ஸ நகரத்திலிருந்து கார் இல்லாமல் போய் வரலாமா? எதில் தொடங்குவது?

பதில் 1: போகலாம். ஸ்வென்ட்போர்க் ரயிலில் ஏறி க்வேர்ன்ட்ரப்பில் இறங்குங்க. அங்கிருந்து கோட்டைக்கு ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், நடந்தே போயிடலாம். குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் எடுங்க. முதலில் கோட்டைக்குள் போயிடுங்க. அறைகள் சின்னது, மதியம் கூட்டம் வந்தா நகர முடியாது.

பதில் 2: உள்ளே போனா சுவரைக் கவனிங்க. கோட்டை 1554-ல் கட்டி முடிச்சது, ஏரிக்குள்ளே ஓக் மரத்தூண்கள் மேலே நிக்குது. ரெண்டு நீளமான வீடுகளை ஒரு இரட்டைச் சுவர் சேர்க்குது. கனம் ஒரு மீட்டருக்கு மேல். அந்தச் சுவருக்குள்ளேயே ரகசியப் படிக்கட்டும் கிணறும் இருக்கு. முற்றுகை வந்தாலும் தண்ணிக்கு வெளியே போக வேண்டாம்!

பதில் 3: விமானங்கள் தனிக் கட்டடத்தில், பழைய கார், பைக்குகளோடு. முழு விமான அருங்காட்சியகம்னு நினைச்சுப் போனா ஏமாற்றம்தான். சிலது கூரையில் தொங்குது, அடிவயிறு நல்லாத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே நின்னு படமெடுத்தா விமானம் கறுத்துப் போகும். கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, கூட்டுங்க. மழை வந்தா ஒதுங்கவும் இதுதான் இடம், அதனால கடைசிக்கு வைங்க.

பதில் 4: ஃபியூஷியா (தொங்கும் பூக்கள் உள்ள செடி) தோட்டத்துக்காகன்னா மே மாசம் வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட்ல போங்க.